மனநலம்: கேள்வி – பதில்
வார்டிலும் மலையிலும் பணிபுரிவோர் எழுதிய கடிதங்கள்

மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் பணிபுரிவோர் தங்கள் மனநலம் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். சேலம் நகரிலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களுள் சிலவற்றுக்குச் சேலத்து மனநல மருத்துவர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயரையும் பணியிடத்தையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐந்து ரோடு பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். முன்பெல்லாம் நோயாளியோடு வந்தவர்கள் எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகச் சொல்வேன். இப்போது "சிஸ்டர், டிரிப் முடியப் போகுதுங்க" என்று யாராவது வந்து நின்றாலே எரிச்சல் வருகிறது. போன வாரம் ஒரு வயதான அம்மாவிடம், "எனக்குத் தெரியாதா, போய் உட்காருங்க" என்று கத்திவிட்டேன். ஒரு நோயாளி இறந்தால்கூட, அடுத்த அட்மிஷன் வருமுன் விரிப்பை மாற்ற வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றுகிறது. நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் எழுதியிருப்பது பணிச்சோர்வின் நன்கு அறியப்பட்ட அடையாளங்களுள் ஒன்று. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-இல் வெளியிட்டதும் இன்றும் உலகெங்கும் பயன்படுவதுமான 22 கேள்விகள் கொண்ட அளவுகோல், பணிச்சோர்வை மூன்று முகங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. உணர்வெல்லாம் வற்றிப்போன களைப்பு ஒன்று. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் 'ஆறாம் நம்பர் பெட்' என்றும் 'அந்த டெங்கு கேஸ்' என்றும் பார்க்கத் தொடங்கும் விலகல் இன்னொன்று. என்ன செய்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தன் வேலையைத் தானே மட்டமாக எண்ணுவது மூன்றாவது. உங்களை அச்சுறுத்துவது இரண்டாவது முகம். அது பெரும்பாலும் களைப்பின் பின்னாலேயே வருகிறது. கொடுப்பதற்கு மிச்சம் எதுவும் இல்லாத மனம், கேட்டு வருபவரை எட்ட நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது.

அந்த அம்மாவிடம் கத்திய இரவில் உங்கள் வார்டில் எத்தனை கட்டில்கள், எத்தனை செவிலியர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வரும் செவிலியர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்பில் செல்வோருக்காக முப்பது விழுக்காடு கூடுதல் ஆட்கள் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் நெறிமுறை. இரவில் இருபது, இருபத்தைந்து கட்டில்களுக்கு ஒரு சிஸ்டரும் ஒரு உதவியாளரும் நிற்கிற வார்டுகளை இந்த ஊரில் யாரும் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வார்டில் இரண்டு மணிக்கு ஒருவருக்கு ஆன்டிபயாடிக் போட வேண்டும், அடுத்தவருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், மூன்றாமவர் வாந்தி எடுத்திருப்பார், கேஷுவாலிட்டியிலிருந்து புது கேஸ் மேலே வந்துகொண்டிருக்கும், இடையில் கேஸ் ஷீட்டும் எழுதி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் டிரிப்பைப் பற்றிச் சொல்ல வந்து நின்ற அம்மா உங்களுக்கு ஓர் ஆளாகத் தெரியாமல், இன்னொரு வேலையாகத் தெரிந்திருக்கிறார். இதை நீங்கள் செய்தது சரி என்று சொல்வதற்காக எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு அது வலித்திருக்கும். ஆனால் காரணத்தை உங்கள் நெஞ்சுக்குள் மட்டும் தேடினால், தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உலக சுகாதார நிறுவனமும் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாட்பட்ட பணியிட அழுத்தத்தால் வரும் ஒரு நிலை என்றே 2019-இல் வரையறுத்தது. எனினும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். விடுப்பில் நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போனால் மனம் ஓரளவு மீள்கிறதா? பிள்ளைகளோடு இருக்கும்போது பழைய ஆளாக இருக்கிறீர்களா? அங்கேயும் எதிலும் பிடிப்பில்லை, பசி இல்லை, விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது பணிச்சோர்வைத் தாண்டி மனச்சோர்வு நோயாக மாறியிருக்கக்கூடும். அதற்கு மருத்துவம் தேவை, குணமும் ஆகும்.

பணிச்சோர்வு மட்டும்தான் என்றால், இன்சார்ஜ் சிஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். "முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில் எத்தனை வேலைகள் ஒன்றாக வந்து விழுகின்றன என்று ஒரு வாரம் தாளில் குறித்து, அந்தத் தாளைக் கொடுத்துப் பேசுங்கள். பன்னிரண்டு மணிக்குள் முடிக்கக்கூடிய எழுத்து வேலை இரண்டு மணிக்குத் தள்ளிப்போகிறது என்பது போன்ற ஒன்று அதில் கட்டாயம் தென்படும். நோயாளி இறந்த இரவுகளில், ஹேண்ட் ஓவர் முடிந்ததும் உடனிருந்த இன்னொருவரோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து அந்த மனிதரைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள். விரிப்பு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் முதலில் வருவதில் குற்றமில்லை. அதற்குப் பிறகு வேறு எந்த எண்ணத்துக்கும் நேரம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

கேள்வி: என் மனைவி சேலத்தில் செவிலியர். ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு வாரம் அவருக்கு நைட் டூட்டி. அந்த வாரம் முழுவதும் சிடுசிடுப்பு, பகலில் தூக்கம் கிடையாது, சாப்பாடும் இறங்குவதில்லை. "எல்லாரும்தானே வேலைக்குப் போறாங்க" என்கிறார் என் அம்மா. வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?

பதில்: விடச் சொல்லும் முன், காலையில் அவர் வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். எட்டு மணிக்குப் பணி முடிந்து, பொறுப்பை ஒப்படைத்து, வண்டியை ஓட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு வந்து சேர்பவர், பாத்திரமும் துணியும் பார்த்து, மதியச் சமையலை முடித்துப் பதினொன்றரைக்குப் படுத்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்காக மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார். வெளிச்சமும் சத்தமும் உள்ள பகலில் உடல் இயல்பாகவே விழித்திருக்க முயலும் என்பதால் அந்த மூன்றரை மணி நேரமும் முழுத் தூக்கமாக இருப்பதில்லை.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது சிடுசிடுப்பைப் பற்றி அல்ல. முதல் நாள் இரவுப் பணிக்குப் போகும் பெண், அன்று காலை ஆறு மணிக்கு எழுந்தவர் என்றால், மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது இருபத்தாறு மணி நேரமாக விழித்திருக்கிறார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருக்குச் சமமாகக் குறைந்துவிடுவதை டாசன், ரீட் என்ற இருவர் 1997-இல் ஆய்வு செய்து காட்டினார்கள். விழித்திருக்கும் நேரம் இருபத்துநான்கு மணியை எட்டும்போது அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 தான். தர்மபுரி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த நிலையில் அவர் ஸ்கூட்டர் ஓட்டி வருகிறார். முதல் இரண்டு நாளாவது அவரைப் பேருந்தில் வரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் போய் அழைத்து வாருங்கள்.

முதல் இரவுக்கு முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் அவர் தூங்கட்டும். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். வீட்டில் ஓர் அறையின் சன்னலுக்குக் கெட்டியான திரை போட்டு, கைபேசியை வெளியே வைத்து, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை யாரும் அந்தக் கதவைத் தட்டக்கூடாது என்று வையுங்கள். மதியச் சமையல் அந்த ஒரு வாரம் உங்கள் பொறுப்பாகட்டும். அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மருமகள் சொன்னால் அது சாக்காகவே அவர் காதில் விழும். தொடர்ந்து பல ஆண்டுகள் இரவுப் பணி பார்ப்பதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது, 2019-இல் அதை மீண்டும் உறுதி செய்தது என்று அவரிடம் சொல்லுங்கள். எல்லாரும் பார்க்கும் வேலை இல்லை இது. வேலையை விடுவதா வேண்டாமா என்பதை, ஒரு மாதம் நன்றாகத் தூங்கிய பிறகு உங்கள் மனைவியே முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். நான் பதிவு செய்து, ஒன்பது மாதமும் பார்த்து வந்த ஒரு தாய், பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார். தணிக்கைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். மாதங்கள் ஆகியும் இரவில் போன் அடித்தால் கை நடுங்குகிறது. அந்த வீட்டு வழியே போக முடியாமல் காபித் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். வேறு கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போதுகூட, இவர்களில் அடுத்தது யாரோ என்ற பயம் வருகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒன்பது மாதம் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்து, அந்தப் பெண்ணின் மாமியாரோடு வாதாடி மருத்துவமனைக்கு அனுப்பிய உங்களுக்கு, அவர் இறந்த பிறகு ஒரு நாளாவது துக்கம் காக்க இடம் கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் தேடினேன். கடிதத்தில் கூட்டம் இருக்கிறது, கேள்விகள் இருக்கின்றன; உங்களிடம் யாரும் "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்டதாக ஒரு வரி இல்லை.

சிகிச்சையில் நேரும் துயரத்தில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் அடுத்தபடியாக, அவரைக் கவனித்துக்கொண்டவரும் பாதிக்கப்படுகிறார் என்பதை ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. தவறு செய்தவர்களுக்கு மட்டும் இது வருவதில்லை. தவறே செய்யாதவர்களையும் இதே போலத் தாக்குகிறது. மணி அடித்தால் நடுங்குவது, அந்த வழியைத் தவிர்ப்பது, நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருவது, தூக்கத்தில் பதறி எழுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நெருக்கடி என்று நாங்கள் கண்டறியும் நிலையாக இருக்கலாம். உங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிவிட்டது. ஆகவே காத்திருக்க வேண்டாம். இதற்கென்றே வகுக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பெரும்பாலானோருக்குப் பலன் கிடைக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரலாம். கீழே இறங்கி வரும் வரையில், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் இரத்தப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிரைப் பறித்துவிடக்கூடியது. மலைக்கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வந்து, அதற்கும் பிறகு நகர நெரிசலைக் கடந்து இரத்தம் ஏற்றுகிற இடத்துக்கு வந்து சேர வேண்டும். மழையும் மூடுபனியும் இருந்தால் கணக்கு இன்னும் மோசம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்று அரசு நிர்ணயித்திருப்பதே மலையின் தூரங்களை ஒப்புக்கொண்டுதான். தாய்மார் இறப்பை ஆராய்ந்த தாடியஸ், மெயின் ஆகியோர் 1994-இல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: மருத்துவமனைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். இவற்றில் இந்தப் பெண்ணுக்கு எது நேர்ந்தது, வண்டி எந்நேரம் வந்தது, இரத்தப்போக்கை முதலில் யார் கண்டார்கள், அருகில் என்ன மருந்து இருந்தது என்று கண்டுபிடித்து, அடுத்த தாயைக் காப்பாற்றுவதற்காகவே தாய்மார் இறப்புத் தணிக்கையைத் தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கியது. பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக இருந்த அந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதனால்தான், அந்தக் கூட்டத்தில் வரிசையின் கடைசியில் இருக்கும் செவிலியரை எழுப்பி நிற்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மருத்துவமனைகளில் நேரும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாவதை 1996-இல் எடுத்துக் காட்டினார். அங்கே பிழைகள் அதிகம் நேர்ந்தன என்று அதற்குப் பொருளில்லை. நடந்ததைச் சொல்ல அங்கே இருந்தவர்கள் பயப்படவில்லை. நிற்க வைத்துக் கேட்கப்பட்டவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றச் செவிலியர்களும் அடுத்த முறை உண்மையான நேரத்தைப் பதிவேட்டில் எழுதத் துணிவார்களா?

வேலையை விடும் முடிவைச் சிகிச்சை தொடங்கி மூன்று மாதமாவது ஆகும்வரை தள்ளி வையுங்கள். உங்கள் பகுதி சுகாதார செவிலியர் நீங்கள் நம்பக்கூடியவர் என்றால், கொஞ்ச காலம் இரவு அழைப்புகளை அடுத்த நிலையத்துச் செவிலியரோடு முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வழி கேளுங்கள். அந்தக் குடும்பத்தை இப்போதே பார்த்தாக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். மனம் ஓரளவு தேறிய பிறகு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் குழந்தையைப் பாருங்கள். மலையில் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய்வந்த செவிலியர்கள், தாங்கள் பயந்த வசவு அங்கே இல்லை, "நீயாவது வந்தியே" என்ற சொல்தான் இருந்தது என்று என்னிடம் சொன்னதுண்டு. எல்லா வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதால்தான் துணையோடு போகச் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு மருத்துவக் கல்லூரியில் முதுநிலைப் படிப்பில் இருக்கிறேன். டூட்டி முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து போகும் நாள்கள் உண்டு. சாக வேண்டும் என்று எண்ணவில்லை. ஆனால் ஏதாவது வண்டி இடித்து இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. மனநல மருத்துவரிடம் போனால் பதிவில் ஏறி, துறைத் தலைவர்வரை செய்தி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தூக்க மாத்திரையை நானே எழுதிப் போட்டுக்கொள்கிறேன்.

பதில்: தம்பி, அடிபட்டுப் படுத்தால் ஓய்வு கிடைக்கும் என்ற எண்ணத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மரணத்தை நேரடியாக வேண்டாவிட்டாலும் அந்தத் திசையில் வைத்த ஓர் அடி. இந்த இதழ் கையில் கிடைத்த நாளிலேயே ஒருவரிடம் பேசுங்கள். உயிரை விடும் எண்ணம் எப்போதாவது தெளிவான உருவம் எடுத்தால் அன்றிரவே ஒரு நண்பரை உடன் வைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாகக் காக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. துறைத் தலைவர் கேட்டார் என்பதற்காக எந்த மருத்துவரும் அதைச் சொல்ல முடியாது. சொந்தக் கல்லூரியில் கூச்சமாக இருந்தால் வெளியில் ஒருவரிடம் போகலாம். தூக்க மாத்திரையைத் தானே எழுதிக்கொள்வதை இன்றோடு நிறுத்துவதென்று முடிவெடுங்கள், ஆனால் பல வாரமாகப் போட்டு வந்திருந்தால் திடீரென்று விடாமல் மருத்துவர் சொல்லும் அளவில் குறையுங்கள்.

பணி நேரத்தைப் பற்றியும் ஒன்று. உறைவிட மருத்துவர்களுக்கு ஒரு நாளில் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இலேயே வகுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரத்தை மிஞ்சக்கூடாது என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் களைப்புக்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல இதற்குப் பிறகும் இடமிருக்கிறதா? சக மாணவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு, டூட்டி நேரத்தைப் பதிவேட்டோடு காட்டி முறையிடுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

கேள்வி: சேலத்தில் நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். ஊழியர்களின் மனநலத்துக்காக யோகா வகுப்பு வைத்தோம், செவிலியர் தினத்தில் கேக் வெட்டினோம், ஊக்கப் பேச்சாளரை அழைத்து வந்தோம். ஆனாலும் செவிலியர்கள் ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டே இருக்கிறார்கள். இருப்பவர்களிடமும் ஈடுபாடு இல்லை. மனப்பான்மையை மாற்றுவது எப்படி?

பதில்: நீங்கள் கேட்டது நல்ல எண்ணத்தோடுதான் என்று நம்பி, ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். யோகா நல்லது. ஆனால் இரவுப் பணி முடித்தவரைக் காலை ஒன்பது மணிக்கு யோகா வகுப்பில் உட்கார வைத்தால், அவருடைய தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் கணக்கு.

ஊழியர் ஒரு நிறுவனத்தில் தங்குவதற்கு மூன்று விதமான கட்டுகள் உண்டு என்று மேயர், ஆலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991-இல் எழுதினார்கள். இடத்தின் மேலும் மனிதர்கள் மேலும் வைத்த பிரியத்தால் தங்குவது ஒன்று. நன்றிக்கடனாக எண்ணித் தங்குவது ஒன்று. போனால் நட்டம் என்பதால் தங்குவது ஒன்று. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்கி, நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லி நிறுத்தப்பட்டவர்களிடம் மூன்றாவது கட்டு மட்டுமே இருக்கும். அவர்கள் வேலையைச் செய்வார்கள். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். அதை ஈடுபாடு இல்லாத மனப்பான்மை என்று நீங்கள் குறை கூறுகிறீர்கள். உங்கள் மருத்துவமனையில் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்பதை எனக்கு எழுத வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டூட்டி லிஸ்ட். வாரம் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலைப் பார்த்துத்தான், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியுமா என்று ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், தன் வாழ்க்கையின் மேல் தனக்கு எந்தப் பிடியும் இல்லை என்றே அவர் உணர்வார். முன்பு சொன்ன மாஸ்லாக்கும் அவரோடு ஆய்வு செய்த லைட்டரும் பணிச்சோர்வுக்கான காரணங்களை வேலைப்பளு, தன் வேலையின் மேல் தனக்குள்ள பிடி, பாராட்டும் ஊதியமும், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் என ஆறு களங்களில் தேடச் சொன்னார்கள். பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே ஒட்டுங்கள். ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். யாருக்கு எத்தனை ஞாயிறு விடுப்பு கிடைத்தது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். இதற்குச் செலவே இல்லை, மூன்று களங்கள் சீராகும். உடைந்த வெப்பமானிக்குச் சம்பளத்தில் பிடிப்பது, ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் விடுப்பைக் கழிப்பது ஆகியவற்றால் உங்களுக்குக் கிடைக்கும் தொகை, ஒரு புதிய செவிலியரைப் பழக்கியெடுக்க ஆகும் செலவுக்குக் காணாது.

நோயாளியின் உறவினர் கை ஓங்கும் நாளில் நிர்வாகம் யார் பக்கம் நிற்கிறது என்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிறது. "சமாதானமாப் போயிடலாம் சிஸ்டர், நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை கேக் வெட்டினாலும் அந்தச் சொல் அழியாது. புகாரை நிர்வாகமே கொடுக்கட்டும்.

விலகிப் போகிறவர்களிடம், கணக்கு முடித்துப் பணமும் சான்றும் கையில் கொடுத்த பிறகு, அவர்களுக்கு மேலதிகாரியாக இல்லாத ஒருவரை வைத்துக் காரணத்தைக் கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும்.

கேள்வி: நான் ஆஸ்பத்திரியில் காண்டிராக்ட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். என் மகள் எழுதித் தருகிறாள். இரண்டு மாதத்துக்கு முன் மஞ்சள் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி விரலில் குத்திவிட்டது. சூப்பர்வைசர், "வெளியே சொல்லாதே, வேலை போயிடும்" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. என் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டேன். பேரனைத் தூக்குவதில்லை.

பதில்: அம்மா, முதலில் பேரனைத் தூக்குங்கள். தொடுவதாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் எச்ஐவி பரவாது. எச்ஐவி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூட, ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் அது தொற்றுகிறது. குத்திய ஊசி அப்படிப்பட்டவருடையது என்பதும் நமக்குத் தெரிந்த விஷயம் இல்லை. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி அதைவிட எளிதில் தொற்றும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

நடந்தது உங்கள் தவறு இல்லை. ஊசி மஞ்சள் பைக்குள் வந்திருக்கவே கூடாது. அது துளைக்க முடியாத வெள்ளை நிறப் பெட்டிக்குப் போக வேண்டியது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போடுவதும், கையுறை உள்ளிட்ட பாதுகாப்புப் பொருள்கள் கொடுப்பதும், ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்வதும் மருத்துவமனையின் கடமை. காண்டிராக்ட் ஆள் என்பதால் அது இல்லாமல் போகாது. ஊசி குத்தினால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். இனி யாருக்குக் குத்தினாலும் சூப்பர்வைசரைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நேராகப் பணி மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதம் ஆகிவிட்டதால், இப்போது எடுக்கும் எச்ஐவி பரிசோதனை பெரும்பாலும் தெளிவான பதிலைத் தந்துவிடும். மூன்றாவது மாதம் முடிந்ததும் இன்னொரு முறை பார்த்தால் உறுதியாகிவிடும். அரசு மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் உள்ள நம்பிக்கை மையத்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அங்கே ஆலோசகர் முதலில் உட்கார வைத்துப் பேசுவார், பிறகு பரிசோதனை செய்வார்கள், பணம் வாங்க மாட்டார்கள், முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் எங்கே செய்ய வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்; தடுப்பூசி போடாதவராக இருந்தால் முதல் ஊசியையும் போட்டுக்கொண்டு வாருங்கள்.